சங்கத்தின் இரண்டு குழாய்கள்

(ஆண்டு விழாவின் முதல் நாள் மாலை, ஒலிபெருக்கிக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



மேடையின் இரு புறமும் கம்பத்தின் மீது நிற்கும் இரண்டு பழைய குழாய்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் எங்கள் குழுவைப் பணித்தார்கள். இலக்கியம் முழங்க வேண்டிய மேடையில் அலுமினியத்தையும் கம்பிச் சுருளையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். இலக்கியம் முதலில் செவிக்கு எட்ட வேண்டும். பிறகன்றோ சிந்தைக்கு எட்டும்? சென்ற சில ஆண்டுகளாக நம் விழாவில் அது செவிக்கே எட்டவில்லை என்பதை இங்குள்ளோர் பலரும் அறிவர்.

நாம் வாடகைக்கு அமர்த்தி வந்த பெரிய பெட்டி ஒலிபெருக்கிகள் பாட்டுக்கு நல்லவை; அதிலும் தாளம் ஓங்கிய பாட்டுக்கு மிக நல்லவை. பேச்சு என்று வந்ததும் அவை ‘கும்’ என்று குமுறினவே தவிர, சொல்லைப் பிரித்துத் தரவில்லை. பட்டிமன்றத்தில் முன்வரிசையினர் சிரித்தால், பின்வரிசையினர் “என்ன சொன்னார்?” என்று ஒருவரையொருவர் கேட்டனர். நாடகத்தின் இரண்டாம் காட்சிக்குள் பாட்டிமார் எழுந்து வீடு நோக்கி நடந்தனர். அவர்களுள் சிலர் மறு ஆண்டு வரவேயில்லை. சந்தாவை மட்டும் பேரப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினர். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு ஆண்டில் இரு நாள் கூடித் தமிழ் கேட்பதே பெரும்பேறு. அந்த இரு நாளும் காதில் விழாமல் போனால் சங்கம் எதற்கு என்ற கேள்வி எழாதா? அக்கேள்விக்கு விடை தேடித்தான் இக்குழாய்களை வாங்கினோம்.

பெயரும் பிறப்பும்

நம் ஊர் மைக் செட்டுக்காரர் இதனைக் ‘குழாய்’ என்பார். செய்தித்தாள்கள் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்று எழுதும். இந்தி பேசுவோர் ‘போம்பு’ என்பர். இங்குள்ள வங்க அன்பர்கள் ‘சோங்கா’ என்பர். இரயில் நிலைய நடைமேடைகளில் வண்டி வரும் செய்தியை நமக்குச் சொன்னதும், தேர்தல் காலத்தில் வண்டி மீது அமர்ந்து தெருத்தெருவாக வந்ததும், கலியாண வீட்டுப் பந்தக்காலில் ஏறி விடியற்காலையில் ஊரை எழுப்பியதும் இந்தக் குழாய்தான்.

மின்சாரத்தால் குரலைப் பெருக்கி மக்கள் கூட்டத்திற்கு எட்டச் செய்யும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து நாப்பா என்னும் ஊரில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் இதில் ஈடுபட்டு, 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் தம் கருவியை இயக்கிக் காட்டினர். 1919இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சான் டியாகோ நகரத்தில் பல்லாயிரவர் கேட்கப் பேசியது இவர்களுடைய குழாய் வழியாகவே. 1926இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த வென்ட், துராஸ் என்ற இருவர் குழாயின் அடியில் பொருத்தும் ‘யூனிட்’டைத் திருத்தமாக வகுத்தனர். இன்றைய யூனிட்டுகள் யாவும் அதன் வழிவந்தவையே.

நம் நாட்டு விடுதலை இயக்கத்திற்கும் இக்கருவிக்கும் நெருங்கிய உறவு உண்டு. காந்தியடிகளும் நேருவும் பேசிய மேடைகளின் புகைப்படங்களில், ஒலிவாங்கியின் மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயரைக் காணலாம். பெயர்தான் சிகாகோ, நிறுவனம் மோட்வானே என்ற இந்தியக் குடும்பத்தினருடையது.

நம் நாடக மேடைக்கு மைக் வருவதற்கு முன்னர்க் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடினர். மைக் வந்தபின் தாழ்ந்த குரலில் பாடுவோர்க்கும் மேடை கிடைத்தது. தொண்டை வலிமை இல்லாதவரும் தம் கருத்தைப் பலர் அறியச் சொல்லலாம் என்ற உரிமையை அளித்த கருவி இது.

குழாயின் தத்துவம்

சிறுவர்கள் ஆற்றின் அக்கரையில் நிற்பவரை அழைக்கும்போது என்ன செய்கின்றனர்? இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுகின்றனர். நாகசுரத்தின் முனையில் அணசு விரிந்திருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒலி எழுப்பும் தகடு சிறியது. அதனைச் சூழ்ந்த காற்றுவெளியோ பரந்தது. சிறிய தகடு வெட்டவெளியில் அதிர்ந்தால் அதன் ஆற்றலிற் பெரும்பகுதி காற்றைப் பற்றாமல் வீணாகின்றது. தகட்டின் முன்னே குறுகிய கழுத்து ஒன்றை வைத்து, அதனைச் சிறிது சிறிதாக விரித்து அகன்ற வாயில் முடித்தால், தகட்டின் அழுத்தம் காற்றுக்கு ஒழுங்காக மாறிச் செல்லும். மிதிவண்டிக்குப் பற்சக்கரம் எப்படியோ, ஒலிக்குக் குழாய் அப்படி.

பெட்டி ஒலிபெருக்கி தான் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஒலியாக மாற்றும். நல்ல குழாயோ பத்து முதல் முப்பது பங்கு வரையில் மாற்ற வல்லது. வால்வு பொருத்திய பழைய பெருக்கிகள் முப்பது வாட் கொண்டே பெரிய மைதானங்களை நிரப்பிய மருமம் இதுதான்.

நேராக நீட்டினால் குழாய் மிக நீளமாகும். ஆதலின் ஒலி முன்னே சென்று, பின்னே திரும்பி, மறுபடியும் முன்னே வருமாறு அதனை உள்ளுக்குள் மடக்கியிருக்கிறார்கள். நம் குழாய்கள் இவ்வகையின. இவற்றின் வாய் விட்டம் 20 அங்குலம். இந்த அளவுள்ள குழாயில் மத்தளத்தின் தொப்பி ஒலியைப் போன்ற தாழ்ந்த ஒலிகள் சரிவர எழா, அது குறைதான். ஆயினும் பேச்சில் மெய்யெழுத்துகளை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் விநாடிக்கு 1000 முதல் 4000 வரையிலான அதிர்வுகளில் அடங்கியுள்ளன. குழாய்க்கு அது சொந்த வீடு. பாட்டுக்குப் பெட்டி, பேச்சுக்குக் குழாய் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

வாங்கிய வரலாறு

புதிய குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் தடித்த அலுமினியத் தகட்டில் வார்த்த பழைய குழாய்களைப் போல அவற்றுட் பல இல்லை. மேதினிப்பூர்ப் பக்கத்தில் மைக் வாடகைத் தொழில் நடத்தி வந்த ஒருவர் தொழிலை விடப்போவதாகக் கேள்வியுற்று, ஒரு ஞாயிறன்று எங்கள் குழுவினர் மூவர் கரக்பூரிலிருந்து அங்குச் சென்றோம். அவருடைய தந்தையார் தொடங்கிய தொழில் அது. இப்போது திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் எல்லோரும் பெரிய பெட்டிகளையே கேட்கிறார்கள் என்றும், பழைய இரும்புக்காரர் குழாய்களை எடைக்குக் கேட்கிறார் என்றும் அவர் கூறினார். எடைக்குப் போட அவருக்கு மனமில்லை.

பழைய குழாய் வாங்க விரும்புவோர்க்குப் பயன்படும் என்று எண்ணி, நாங்கள் பார்த்த வகையைச் சொல்லுகிறோம். முதலில் வாயின் விளிம்பை விரல் முட்டியால் தட்ட வேண்டும். வெடிப்பு இல்லையேல் மணி போல் ஒலிக்கும். இருந்தால் உடைந்த பானை போல் ஒலிக்கும். அடுத்து யூனிட்டைக் கழற்றி, மரை தேய்ந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். மூன்றாவதாக, மீட்டர் கொண்டு சுருளின் தடையை அளக்க வேண்டும். 16 ஓம் என்று குறித்த யூனிட் மீட்டரில் ஏறத்தாழ 12 அல்லது 13 காட்டும்; அது பழுதன்று. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். நாங்கள் பார்த்த இரண்டில் ஒன்று 12.6 காட்டிற்று; மற்றொன்று வாய் திறக்கவில்லை. ஆயினும் காந்தங்கள் இரண்டும் வலிமை குன்றாமல் இருந்தன. இரண்டையும் சேர்த்து 4,200 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

பணத்தை எண்ணிப் பெற்றுக்கொண்ட பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். குழாய்களின் மேற்புறத்தில் வங்க எழுத்தில் அவர் தந்தையாரின் பெயரைத் தூரிகையால் எழுதியிருந்தனர். “புதிய வண்ணம் பூசுவீர்கள், பூசுங்கள். இதனை மட்டும் அழிக்காமல் இருக்க முடியுமா, தாதா?” என்றார். முயல்வதாகச் சொல்லி வந்தோம்.

உள்ளுறுப்பைச் செப்பனிட்டது

கல்கத்தாவில் சாந்தனி சந்தை என்றொரு கடைத்தெரு இருக்கிறது. ஹௌராவில் இறங்கி, ஆற்றின் அடியில் ஓடும் மெட்ரோ வண்டியில் எஸ்பிளனேடு சென்றால் நடக்கும் தூரம். வானொலி, ஒலிபெருக்கி உறுப்புகள் எவையும் அங்குக் கிடைக்கும். ஒரு யூனிட்டே பழுதாயினும் இரண்டுக்கும் புதிய டயாபிரம் வாங்கினோம். ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருந்தால் இடப்பக்கக் குரல் வேறு, வலப்பக்கக் குரல் வேறு என்றாகிவிடும்.

டயாபிரம் மாற்றுவதில் பொறுமையே முதற்கருவி. சுருள் நுழையும் காந்த இடைவெளி மிகக் குறுகியது. அதனுள் ஓர் இரும்புத்துகள் இருந்தாலும் சுருள் உரசிக் கரகரக்கும். ஒட்டும் நாடாவை மடித்து உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். நாடா சுத்தமாக வெளிவரும் வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு டயாபிரத்தை நடுவில் அமர்த்தி, எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கினோம்.

குழாயின் மடிப்புக்குள் என்ன இருந்தது தெரியுமா? குளவிகள் கட்டிய மண்கூடு! ஒரு குழாயிலிருந்து மட்டும் கைப்பிடி அளவு மண் விழுந்தது. ஒலி எப்படி வெளிவரும்?

இரண்டு 16 ஓம் யூனிட்டுகளையும் இணையாகச் சேர்த்தால் 8 ஓம் ஆகும். நம் 60 வாட் பெருக்கியின் 8 ஓம் முனைக்கு அது பொருந்துகிறது. இரண்டின் தகடுகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைய வேண்டும். கம்பி மாறிப்போனால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்; நடுவில் அமர்ந்திருப்பவர்க்குக் குரல் மெலிந்து ஒலிக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே முனைகளுக்குச் சிவப்புப் புள்ளி இட்டோம். பெருக்கியில் தாழ்ந்த ஒலியின் திருகைக் குறைத்து வைத்திருக்கிறோம். குழாயால் தாங்க இயலாத தாழ்ந்த ஒலிகள் டயாபிரத்தை அளவுக்கு மீறி ஆட்டி உடைத்துவிடும். ஆகவே, அன்பு கூர்ந்து எவரும் அத்திருகைத் தொட வேண்டா.

வண்ணம் பூசிய வகை

இனி மேனியழகு. நான்கு படை வண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூச்சோடு உள்ளே போகும். ஆதலின் முகமூடி அணிந்து, நீர் தொட்டு நனைத்தே தேய்த்தோம். காஸ்டிக் சோடா ஊற்றினால் எளிதில் போய்விடும் என்று யோசனை சொன்னவர் உண்டு. இரும்புக்கு அது சரி. அலுமினியத்தையோ அது தின்றுவிடும். கடையில் விற்கும் வண்ணநீக்கியையும் மரச்சுரண்டியையும் கொண்டு மெல்ல நீக்கினோம். நசுங்கிய இடங்களில் உட்புறம் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினோம்.

இரும்புத் திருகும் அலுமினியமும் சேர்ந்த இடங்களில் மழைநீர் பட்டு வெண்பொடி பூத்திருந்தது. அத்திருகுகளை நீக்கி, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை வளையத்துடன் பொருத்தினோம். வழவழப்பான அலுமினியத்தில் வண்ணம் நேரே பிடிக்காது. அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரை முதலில் பூசி, அது காய்ந்தபின் மெல்லிய சாம்பல் நிற எனாமலை இரு படையாகப் பூசினோம். பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டனர். வெயிலில் சிவப்பு விரைவில் வெளிறும் என்பதனால் சாம்பலே நிலைத்தது.

அந்த வங்க எழுத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இது செயற்குழுவில் அரைமணி நேர விவாதத்திற்கு இடமாயிற்று. “தமிழ்ச் சங்கத்துக் குழாயில் வேற்று எழுத்து எதற்கு?” என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டது தமிழ்ப் பற்றினால்தான். இன்னொரு பெரியவர் எழுந்து, “நாம் குடியிருப்பது அவர்கள் மண்ணில், நாம் பேசப்போவது அவர் தந்தை வாங்கிய குழாயில். நம் பெயரை நாளை ஒருவன் சுரண்டினால் நமக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டார். முதலாமவர் சற்று நேரம் பேசாதிருந்து, “இருக்கட்டும், ஆனால் நம் பெயரும் அழகாக இருக்க வேண்டும்” என்றார். அவரே கீழே தமிழில் எழுதித் தருவதாகவும் ஏற்றுக்கொண்டார். வங்க எழுத்தைச் சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சினால் துடைத்து, நாடா ஒட்டிக் காத்து, சுற்றிலும் வண்ணம் பூசி, இறுதியில் நிறமற்ற வார்னிஷ் கொடுத்தோம். இரண்டு எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக விளங்குவதை நீங்களே காணலாம். அவற்றைப் படம் எடுத்து அந்த மைக் கடைக்காரருக்கு அனுப்பினோம். நாளை மாலை விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒலி, ஒளி, ஒழி

செப்பனிட்டது பயன் தந்ததா என்று சோதிக்க வேண்டாமா? சென்ற மாதம் இம்மைதானத்தில் ஒரு சோதனை நடத்தினோம். பல்லி, பள்ளி, வாளை, வாழை, ஒலி, ஒளி, ஒழி என்பன போன்ற இருபது சொற்களை முறைமாற்றி ஒரு சிறுவன் மேடையில் படித்தான். நான்கு இடங்களில் அமர்ந்த பெரியவர்கள் காதில் விழுந்ததைத் தாளில் எழுதினர். பெட்டியில் கேட்டபோது கடைசி வரிசையில் இருபதுக்குப் பதினொன்றே சரியாக வந்தது. குழாயில் கேட்டபோது பதினெட்டு வந்தது.

எஞ்சிய இரண்டு சொற்கள் யாவை என்று பார்த்தோம். வாழை ஒன்று, ஒழி மற்றொன்று. முதல் வரிசையில் இருந்தவரும் அவற்றை வாளை என்றும் ஒளி என்றுமே எழுதியிருந்தார். குழாயின்மீது பழி இல்லை. படித்த சிறுவனுக்கு ழகரம் வரவில்லை! வீட்டில் தமிழும், வெளியில் இந்தியும் வங்காளமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் குழந்தை அவன். நம் காலனிக் குழந்தைகளுள் பலர் நிலை அதுவே. நல்ல ஒலிபெருக்கி நம் குறையையும் கூட்டிக் காட்டிவிடுகிறது. அன்றே கணக்குப்பிள்ளைத் தாத்தா என்று நாம் அழைக்கும் பெரியவர் அச்சிறுவனை அருகழைத்து, நாவை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தும் வகையைக் கற்பித்தார். நாளைய நாடகத்தில் அவன் பேசுகிறான். கேட்டு மகிழுங்கள்.

அயலார் செவி

நிறைவாக ஒரு சொல். இதுவே எங்களுக்கு முதன்மையானது. நமக்குச் செந்தமிழாக இருப்பது மதிலுக்கு அப்பால் இருப்பவர்க்கு வெறும் இரைச்சல். வடக்கு மதிலை ஒட்டிய குவார்ட்டர்ஸில் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் வங்காளம், தெலுங்கு, ஒரியா பேசுவோர். குழாய் தூரம் எட்டும் கருவி என்பதனாலேயே அதனைக் கட்டி ஆள வேண்டிய கடமை நமக்கு மிகுதி.

சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவற்றை உறுதி செய்தது.

குழாயின் குணமே இங்குத் துணை செய்கிறது. பெட்டி நாற்புறமும் இரையும். குழாய் தான் நோக்கும் திசையில் மட்டும் மிகுதியாகப் பேசும். ஆகவே பத்தடி உயரத்தில் ஏற்றி, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடைசி வரிசையைக் குறிவைத்துக் கட்டியிருக்கிறோம். மழைநீர் உள்ளே புகாமலும் அச்சாய்வு காக்கும். இரண்டையும் மேடைக்கு அருகிலேயே வைத்தோம். ஒன்றை மைதானத்தின் கோடியில் வைத்தால், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், ஒரே சொல் இருமுறை கேட்கும். மைக்கின் முன்னால் குழாய் நோக்காதவாறு அமைத்ததால் ஊளையும் இல்லை. சோதனையின்போது எங்களுள் ஒருவர் வடக்கு மதிலுக்கு வெளியே நின்றார். முதலில் சொற்கள் அங்கும் தெளிவாகக் கேட்டன. இடப்பக்கக் குழாயை ஒரு சாண் அளவு திருப்பி, பெருக்கியின் திருகையும் இரு புள்ளி தாழ்த்திய பின் அவை அடங்கின. பிறகு அம்முதியவர் வீட்டிற்கே சென்று கேட்டோம். “மாலையில் ஒலி வருகிறது, இரவு சீக்கிரம் நிறுத்தினால் போதும்” என்றார் அவர் மருமகள். ஒன்பதரைக்கு நிறுத்துவதாக வாக்களித்தோம். நாடகக் குழுவினர் இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

கணக்கையும் கூறிவிடுகிறோம். குழாய்கள் 4,200 ரூபாய். டயாபிரமும் கம்பியும் 1,450. வண்ண வகை 1,240. திருகு, தாங்கி முதலியன 370. ஆக 7,260 ரூபாய். சென்ற ஆண்டு இரண்டு நாளுக்குப் பெட்டி வாடகை மட்டும் 8,000 ரூபாய் ஆயிற்று. உழைப்புக்குக் கூலி இல்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும், வீட்டார் அனுப்பிய காப்பியுமே செலவு.

இக்குழாய்கள் நூலக அறையில் வாயில் துணி கட்டி வைக்கப்படும். இல்லையேல் குளவிகள் மறுபடியும் குடிவரும். உறுப்பினர் வீட்டு விசேஷங்களுக்குப் பேச்சுக்கும் மங்கல இசைக்கும் கட்டணமின்றித் தருவோம். உடன் எங்களுள் ஒருவர் வருவார்; பெருக்கியின் திருகு அவர் கையில் இருக்கும். இத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவ மாணவியர் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வரலாம். மீட்டர் பிடிக்கக் கற்பிப்போம். அருகிலேயே தாத்தாவின் ழகர வகுப்பும் நடைபெறும்.

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இவ்வளவும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தால் கையை உயர்த்திக் காட்டுங்கள். அதுவே எங்களுக்குப் போதும்.